வாகரைப் பிரதேசக் குடும்பங்களின் சிக்கன வாழ்வு: ஒரு சமூக வரலாற்று நோக்கு

மட்டக்களப்புப் பிரதேசத்தின் வரலாறு பற்றி இதுவரை வெளிவந்த எழுத்துகளை நோக்குமிடத்து, அவை பெரும்பாலும் கோயில்கள், குடிவழமைகள், வன்னிமைகள், போடியார்கள், கூத்துகள் ஆகியவற்றையே தம் பொருளாகக் கொண்டுள்ளமை புலனாகும். எஸ். ஓ. கனகரத்தினம் 1921இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட மட்டக்களப்பு மாவட்ட நூலும், 1962இல் எவ். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்த ‘மட்டக்களப்பு மான்மிய’மும், 1964இல் வி. சீ. கந்தையா வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழக’மும் இத்துறையில் எமக்குக் கிடைத்துள்ள பெருஞ் செல்வங்கள். எனினும், சாதாரண குடும்பமொன்று ஓராண்டுக் காலத்தை எவ்வாறு உண்டு, உடுத்து, கடன்பட்டு, கடனடைத்துக் கழித்தது என்னும் வினா இன்னும் முறையாக எழுப்பப்படவில்லை. அடுக்களைக்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றை மட்டக்களப்பின் வட எல்லையிலுள்ள வாகரைப் பிரதேசத்தை முன்னிறுத்தி நோக்குவதே எமது நோக்கம்.

சிக்கனம் என்பது பொதுவாக ஓர் ஒழுக்கப் பண்பாகவே பேசப்படுகின்றது. ‘கட்டுச் செட்டான குடும்பம்’, ‘கைச்சிக்கனமான பெண்’ என்னும் வழக்குகள் அதனைத் தனிமனித நற்குணமாகக் காட்டுகின்றன. வறுமைக்குக் காரணம் ஊதாரித்தனம் என்ற முடிவும் இப்பார்வையின் மறுபக்கமாகவே பிறக்கின்றது. ஆயின் வாகரையின் அனுபவம் வேறொன்றைக் கூறுகின்றது. அங்கே சிக்கனம் காடு, களப்பு, கடல் ஆகியவற்றின் மீது மக்களுக்கிருந்த பயன்பாட்டுரிமையிலும் பெண்களின் கூலியற்ற உழைப்பிலும் தங்கியிருந்த ஒரு பொருளாதார ஒழுங்காகும். அவ்வுரிமை பறிக்கப்பட்டபோது சிக்கனத்தால் எக்குடும்பத்தையும் காப்பாற்ற இயலவில்லை.

நிலமும் காலமும்

வாகரை இன்று நிருவாக ரீதியாகக் கோறளைப்பற்று வடக்குப் பிரதேச செயலாளர் பிரிவாக அமைந்துள்ளது. கிழக்கே கடல், மேற்கே களப்பும் அதனையடுத்துக் காடும், வடக்கே வெருகல் ஆறு. மட்டக்களப்பு - திருகோணமலை வீதியை அண்டிக் காயான்கேணி, மாங்கேணி, பனிச்சங்கேணி, பால்சேனை, கதிரவெளி முதலிய ஊர்களும், உட்புறத்தே கட்டுமுறிவு, குஞ்சங்குளம் முதலிய ஊர்களும் உள்ளன. கேணி, குளம், வெளி, சேனை என முடியும் இவ்வூர்ப் பெயர்களே இப்பகுதி மக்களின் சீவனோபாயத்தை ஓரளவு உணர்த்தவல்லன. தமிழ் பேசும் கரையோர வேடர்கள் வாழும் பிரதேசமும் இதுவேயாகும். 1911இல் வெளிவந்த தமது நூலில் செலிக்மன் தம்பதியினர் கிழக்குக் கரையோர வேடர்களைப் பற்றி எழுதியுள்ளனர்.

இங்கு ஆண்டு இரு பகுதிகளாகப் பிரிகின்றது. வடகீழ்ப் பருவக்காற்று ஐப்பசி முதல் தை வரை மழையைக் கொண்டுவருகின்றது. எஞ்சிய மாதங்கள் பெரிதும் வறண்டவை. ஆவணி, புரட்டாதியிற் சேனைக்காடு வெட்டி எரிக்கப்படும். முதல் மழையோடு சோளன், குரக்கன், பயறு முதலியன விதைக்கப்படும். தையிற் சோளனும் அதனையடுத்துக் குரக்கனும், மாசி, பங்குனியில் நெல்லும் வீடு வந்து சேரும். பங்குனிக்குப் பின் கடல் அமைதியடைய, மீன்பிடியும் கருவாடு போடுதலும் நடைபெறும்.

நெருக்கடிக் காலம் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று மாதங்களாகும். கடல் கொந்தளிப்பதால் தோணி இறங்காது. விதை மண்ணுள் இருக்கும். விளைவு கைக்கு வந்திராது. வெள்ளம் பாதையை மறித்து நிற்கும். எனவே ஒரு குடும்பத்தின் சிக்கனம் என்பது மாசியின் நிறைவை மார்கழியின் வெறுமைவரை கொண்டுசெல்லும் ஆற்றலே எனலாம். மாதச் சம்பளம் பெறும் குடும்பம் முப்பது நாட்களுக்குக் கணக்கிடுகின்றது. வாகரைக் குடும்பம் முழு ஆண்டுக்கும் கணக்கிட வேண்டியிருந்தது. இவ்வேறுபாட்டை உணராதார் கிராமத்தவருக்குத் திட்டமிடத் தெரியாது என்று கூறுவது நகைப்புக்குரியதாகும்.

விலையற்ற களஞ்சியம்

பணவருவாய் மிகக் குறைந்த குடும்பங்கள் இத்தகைய நீண்ட இடைவெளியைக் கடந்தமைக்குக் காரணம், உணவின் கணிசமான பகுதி விலைக்கு வாங்கப்படாமையேயாகும். களப்பு இறாலையும் நண்டையும் மட்டியையும் மணலை, திரளி முதலிய மீன்களையும் தந்தது. தோணியும் வலையும் இல்லாதவரும் தூண்டிலோடும் அத்தாங்கோடும் இறங்கக்கூடிய நீர்நிலை அது. 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா, ‘யப்பான் மீன்’ என்னும் பெயரோடு குளங்களிற் பெருகி ஏழைகளின் கறியாயிற்று. காடு விறகையும் தேனையும் கிழங்கையும் பாலைப்பழம், வீரைப்பழம், விளாம்பழம் ஆகியவற்றையும் அளித்தது. வேலியோரத்து முருங்கையும் முசுட்டையும் மழைக்காலக் கறிக்கு உதவின.

ஆனால் இக்களஞ்சியம் சட்டத்தின் பார்வையில் மக்களுக்குரியதன்று. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரித்து நிரூபிக்கப்படாத காடுகளையும் தரிசு நிலங்களையும் முடிக்குரியனவாகக் கருதியது. சேனை நிலங்களும் அதனுள் அடங்கின. தலைமுறை தலைமுறையாகச் சேனை செய்தோரிடம் உறுதிப் பத்திரம் இருந்ததில்லை. அனுபவ உரிமைக்கும் சட்ட உரிமைக்கும் இடையிலான இப்பிளவு, கோப்பித் தோட்டங்களின் தேவைக்காக ஏற்படுத்தப்பட்டதெனினும், அத்தகைய தோட்டங்கள் இல்லாத கீழ்க்கரையிலும் நிலைத்துவிட்டது. வாகரைக் குடும்பங்களின் சிக்கனத்துக்கு அடித்தளமாக அமைந்த நிலம், அவர்கள் எந்நேரமும் வெளியேற்றப்படக்கூடிய நிலமாகவே இருந்துவந்துள்ளது.

பெண்ணின் வீடும் பெண்ணின் கணக்கும்

மட்டக்களப்புப் பிரதேசத்தில் வீடு பொதுவாகப் பெண்வழியாகவே கைமாறுகின்றது. மகளுக்கு வீடு சீதனமாகக் கொடுக்கப்படும். மருமகன் அங்கு வந்து வாழ்வான். தாய்வழிக் குடிமுறையோடு தொடர்புடைய இவ்வழமை பற்றி மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே விரிவாக ஆராய்ந்துள்ளார். சிக்கனம் பற்றிய ஆய்விலும் இது முக்கியத்துவம் பெறுகின்றது. தாயும் மணமான பெண்மக்களும் ஒரே வளவிலோ அயல் வளவிலோ வாழ்வதால், உலையரிசி குறையும் நாளில் ஒரு கொத்து அரிசியோ ஒரு சுண்டுப் பயறோ கைமாற்றாகப் பெறுவது எளிது. வட்டியும் சாட்சியுமற்ற இக்கைமாற்றுக் கிராமத்தின் முதலாவது வங்கி எனலாம். மாதாந்தம் கட்டும் சீட்டு இதன் பணவடிவமாகும்.

வீட்டுள்ளே பேணப்பட்ட நுட்பங்கள் தனியாக ஆராயத்தக்கன. விதைக்குரிய சோளன் கதிர்கள் அடுப்பின் மேல் தொங்கவிடப்பட்டன. புகை வண்டரிக்காது காத்தது. குரக்கன் நெடுநாட் கெடாத தானியமாதலின் பஞ்சத்துக்கென ஒதுக்கப்பட்டது. மலிவான காலத்து மீன் கருவாடாயிற்று. பழப்புளி உப்பிட்டுப் பானையில் அடைக்கப்பட்டது. இரவுச் சோற்றின் மீதி நீரூற்றி வைக்கப்பட்டுக் காலையிற் பழஞ்சோறாயிற்று. வடித்த கஞ்சியும் வீணாவதில்லை. ஒரு தேங்காயின் முதற்பால் கறிக்கும் இரண்டாம் பால் சொதிக்கும் சென்றன, மட்டை அடுப்பெரித்தது, சிரட்டை அகப்பையாயிற்று, சாம்பல் பாத்திரம் துலக்கியது. உலையிலிட அளந்த அரிசியில் ஒரு பிடியை எடுத்து வேறு பானையிலிடும் பிடியரிசி வழக்கமும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. எழுத்தறிவில்லாத பெண்ணொருத்தி விதை, உணவு, கடன், கோயில், விருந்து என ஐவகையாக நெல்லைப் பிரித்து நினைவிலே வைத்திருந்தாள். இது முறையான வரவு செலவுத் திட்டமேயன்றி வேறில்லை.

எனினும், இவ்வாழ்வை இலட்சியமாக்கிப் புகழ்வதற்கில்லை. பெண்ணின் பெயரில் வீடு இருந்தபோதிலும் அவ்வீட்டின் பற்றாக்குறையைச் சுமந்தவளும் அவளே. கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் பரிமாறிய பின்னர் சட்டியில் எஞ்சியதே அவளது பங்காயிற்று. நீர் சுமத்தல், விறகு பொறுக்கல், நெற்குற்றுதல், பாயிழைத்தல் ஆகிய உழைப்புகளுக்குக் கூலியும் இல்லை, கணக்கும் இல்லை. குடும்பச் சிக்கனம் எனப்படுவதன் பெரும்பகுதி, பெண்ணின் வயிற்றிலிருந்தும் உறக்கத்திலிருந்தும் மிச்சம்பிடிக்கப்பட்டதாகும்.

கடையும் கடனும்

உப்பு, சீனி, தேயிலை, மண்ணெண்ணெய், துணி ஆகியன காட்டிலோ களப்பிலோ கிடைப்பனவல்ல. அவற்றுக்குக் கடை முதலாளியையே நாடவேண்டியிருந்தது. மாரிகாலத்திற் கடன் கொப்பியில் ஏறிய தொகை, அறுவடையின்போது நெல்லாகவோ கருவாடாகவோ மரமுந்திரிகைக் கொட்டையாகவோ திருப்பிச் செலுத்தப்பட்டது. விளைபொருள் மலிந்திருக்கும் வேளையில், முதலாளி கூறும் விலைக்கு அதனைக் கொடுக்கவேண்டியிருந்தமையால், வட்டி என்ற சொல் கொப்பியில் இல்லாதபோதும் வட்டி அறவிடப்பட்டேயிருந்தது. கடலோரத்திற் கரைவலை உடைமையாளருக்கும் வலை இழுப்போருக்குமிடையிலும் இதையொத்த உறவு நிலவியது. வீட்டிலே பிடிபிடியாகச் சேர்த்தது கடையிலே மூடைமூடையாகச் சென்றது. சிக்கனத்தின் பலன் சிக்கனம் செய்தோரிடம் தங்கவில்லை என்பதே இங்கு நாம் காணும் உண்மை.

கூப்பனிலிருந்து முத்திரைக்கு

இவ்வொழுங்கில் அரசு ஒரு முக்கிய பாத்திரத்தை வகித்தது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல் உணவுப் பங்கீடு தொடங்கியது. பங்கீட்டை ஒட்டிக் கூட்டுறவுப் பண்டகசாலைகள் நாடெங்கும் பரவின. ‘கூப்பன் அரிசி’, ‘சங்கக்கடை’ என்னும் சொற்கள் கிராம வழக்கில் வேரூன்றியது இதன் பின்னரேயாகும். 1953இல் ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியபோது நாட்டில் எழுந்த ஓகஸ்ட் 12 ஹர்த்தாலும், அதனையடுத்துப் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தமையும் பங்கீட்டரிசியின் அரசியல் வலிமையைக் காட்டின. 1966இன் இறுதியிற் பங்கீடு அரைவாசியாக்கப்பட்டு, வாரமொன்றுக்கு ஒரு கொத்து இலவசமாக வழங்கப்பட்டது. வாகரை போன்ற பகுதிகளுக்கு இவ்வரிசியின் பெறுமதி அதன் அளவினும் பெரிது. கடல் கொந்தளித்தாலும் சேனை பொய்த்தாலும் தவறாது வரக்கூடிய ஒரே உணவு அதுவாகும்.

1973-74 உணவுத் தட்டுப்பாட்டின்போது மரவள்ளியும் சோளனும் குரக்கனும் நாடெங்கும் மாற்றுணவாகப் பரிந்துரைக்கப்பட்டன. நகரத்தவருக்குப் புதுமையாகத் தோன்றிய இவ்வுணவுமுறை வாகரைக்குப் பழைய வழமையே. 1977இன் பின் வந்த திறந்த பொருளாதாரக் கொள்கை பங்கீட்டை முடிவுக்குக் கொண்டுவந்தது. 1978இல் அது குறைந்த வருமானத்தோருக்கு மட்டுப்படுத்தப்பட்டது. 1979இல் உணவு முத்திரை அதன் இடத்தைப் பெற்றது. இம்மாற்றத்தின் தன்மை கூர்ந்து நோக்கற்பாலது. கூப்பன் கொத்துக் கணக்கில் அமைந்தது. விலை ஏறினாலும் கொத்து கொத்தே. முத்திரையோ ரூபாய்க் கணக்கில் அமைந்தது. பணவீக்கத்தால் அதன் மெய்ப்பெறுமதி சில ஆண்டுகளுள் ஏறக்குறைய அரைவாசியாயிற்று. இடையில், 1978 நவம்பர் 23ஆந் திகதி வீசிய சூறாவளி மட்டக்களப்பு மாவட்டத்துத் தென்னைகளைச் சாய்த்து, கூரைக்கும் கறிக்கும் கைச்செலவுக்கும் உதவிய ஒரு மரபுவழிச் சேமிப்பை ஒரே இரவில் அழித்தமையும் மறக்கற்பாலதன்று.

போரும் கடலும்

நீண்ட உள்நாட்டுப் போர், காட்டையும் களப்பையும் பாதுகாப்பு வலயங்களாகவும் கண்ணிவெடி நிலங்களாகவும் மாற்றியது. எரிபொருள் முதலிய பண்டங்கள் மீதான தடைகள் சிக்கனத்தை அதன் எல்லைக்கே தள்ளின. 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை வாகரைக் கரையோர ஊர்களைக் கடுமையாகத் தாக்கி, உயிர்களோடு தோணி, வலை, கிணறு, விதை அனைத்தையும் கொண்டுசென்றது. ஈராண்டு கழியுமுன் போர் மீண்டும் மூண்டது. 2006இல் மூதூர் கிழக்கு, ஈச்சிலம்பற்று மக்களும் வாகரையில் தஞ்சமடைந்தனர். அவ்வாண்டு நவம்பர் 8ஆந் திகதி கதிரவெளிப் பாடசாலையில் தங்கியிருந்தோர் பலர் எறிகணை வீச்சிற் கொல்லப்பட்டனர். 2007 ஜனவரியில் இராணுவம் வாகரையைக் கைப்பற்றியபோது பிரதேசமே வெறிச்சோடியது.

முகாமிற் குடும்பத்துக்கு நிவாரண அரிசியும் பருப்பும் கிடைத்தன. ஆனால் தூண்டிலிட நீரில்லை. கீரை பறிக்க வேலியில்லை. சோளன் தொங்கவிட அடுப்புமில்லை. சிக்கனம் செய்யத் தெரிந்த கைகள் இருந்தன. சிக்கனம் செய்வதற்கு எதுவும் இருக்கவில்லை. எமது வாதத்துக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மீள்குடியேற்றத்தின் பின் நுண்கடன் நிறுவனங்கள் கிழக்கின் கிராமங்கள்தோறும் வந்தன. சேமிப்பு, வீட்டுக் கணக்கு ஆகியன பற்றிப் பெண்களுக்குப் பயிற்சிகள் நடத்தப்பட்டன. வாராந்தத் தவணையில் அறவிடப்படும் கடன், பருவத்தையொட்டி வருவாய் பெறும் குடும்பத்துக்குப் பொருந்தாதது. கடை முதலாளியாவது அறுவடைவரை பொறுத்தார். தவணைக்காரர் வாரம் தப்பவிடுவதில்லை. ஒரு கடனை அடைக்க மறுகடன் பெறும் நிலை உருவாகி, 2018இல் வறட்சியாற் பாதிக்கப்பட்ட மாவட்டங்களிற் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களை இரத்துச் செய்ய அரசே முன்வரவேண்டியதாயிற்று. 2022 பொருளாதார நெருக்கடியில், செப்டெம்பர் மாத உணவுப் பணவீக்கம் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 94.9 சதவீதத்தை எட்டியது. ஓகஸ்ட் மாதம் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. சிறு இயந்திரப் படகுகள் மண்ணெண்ணெயிலேயே ஓடுவனவாதலின், விளக்கும் தொழிலும் ஒருங்கே பாதிக்கப்பட்டன.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து நாம் பெறும் முடிவு இதுவாகும். வாகரைக் குடும்பங்கள் சிக்கனம் அறியாமையால் வறுமையுற்றவையல்ல. சிக்கனத்தின் பலனைக் கடையும் கடனும் கவர்ந்தமையாலும், அதன் அடித்தளத்தைச் சட்டமும் போரும் சந்தையும் அகற்றியமையாலும் வறுமையுற்றவை. அண்மை ஆண்டுகளில் இறால் பண்ணைக்கும் இல்மனைட் மணலகழ்வுக்கும் எதிராக இப்பிரதேச மக்கள் எழுப்பிய குரலை இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ள வேண்டும். களப்பையும் கரையையும் இழப்பதென்பது அவர்களுக்கு அழகிய காட்சியொன்றை இழப்பதன்று. மார்கழி மாதத்துக் கறியை இழப்பதாகும். இம்மக்களுக்குச் சேமிப்பைக் கற்பிக்க முனைவோர், முதலில் அவர்கள் சேமித்தவை யாரிடம் சென்றன என்பதைக் கற்றுக்கொள்வது நன்று. காணிக்கு உறுதியும் களப்பில் இறங்கும் உரிமையும் விளைவுக்கு நியாய விலையும் கிடைக்குமாயின், எஞ்சிய கணக்கை அப்பெண்கள் தாமே பார்த்துக்கொள்வர்.