மருத்துவ பீடமும் எமது மாணவிகளும்

எமது கல்லூரியின் பழைய மாணவிகள் இருவர் உலகின் எந்த மூலையில் சந்தித்தாலும், "நீர் எந்த வருஷ ஏ.எல்.?" என்ற கேள்வி பத்து நிமிடத்துக்குள் வந்துவிடும். இருவரும் உயிரியல் பிரிவாயின் அடுத்த கேள்வியை யாரும் கேட்பதில்லை. கிடைத்ததா, இல்லையா என்பதை முகமே சொல்லிவிடும். நூற்றாண்டு மலருக்கு எத்தனையோ எழுதலாம். நாம் அந்த முகங்களைப் பற்றி எழுத விரும்பினோம்.

மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில். கொழும்பு மருத்துவப் பள்ளி தொடங்கியது 1870 இல். அங்கே பெண்கள் சேர மேலும் இருபத்திரண்டு ஆண்டுகள் சென்றன. 1892 இலேயே கதவு திறந்தது. எமது கல்லூரி பிறந்தபோது அந்தக் கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் அதுவரை போய்ச் சேரும் வழியை எமது பாடசாலை நீண்டகாலம் போட்டுத் தரவில்லை. மனையியலும் தையலும் சங்கீதமும் இருந்தன, பௌதிகவியல் இல்லை. இதை மறைத்து எழுதுவது மலருக்கு அழகல்ல.

பின்னர் விஞ்ஞான வகுப்பு வந்தது, ஆய்வுகூடம் வரவில்லை. சனிக்கிழமைகளில் ஆசிரியை ஒருவர் முன்னே நடக்க, அயலிலுள்ள ஆண்கள் கல்லூரிக்கு வரிசையாகப் போய் செய்முறை படித்த அக்காமார் இன்னும் எம்மிடையே உள்ளனர். விலங்கியலுக்கு வெட்டும் தேரைகளை வீட்டு வளவில் தம்பிமார் பிடித்துக் கொடுத்தார்களாம். அக்காலத்தில் விருப்பப் பட்டியல் என்று யோசிக்க ஒன்றுமில்லை. கொழும்பு மட்டுமே இருந்தது. 1962 இல் பேராதனை சேர்ந்தது.

எழுபதுகள் வேறு கதை. 1971 இல் மருத்துவத்துக்கு 400 புள்ளிகளில் தமிழ் மாணவருக்கு 250 வேண்டியிருந்தது. சிங்கள மாணவருக்கு 229 போதும். தரப்படுத்தல் என்ற சொல் எமது விறாந்தைகளுக்கு வந்தது அப்போதுதான். 1974 இல் மாவட்டப் பங்கீடு வந்தது. நன்றாகப் படித்து, நன்றாக எழுதி, வீட்டில் இருந்துவிட்டவர்கள் அந்த ஆண்டுகளின் எமது சகோதரிகள். ஆசிரியைகளானார்கள், வங்கிக்குப் போனார்கள், கலியாணம் செய்து கடல் கடந்தார்கள். சிலர் இன்றும் பெறுபேற்றுத் தாளை வைத்திருக்கிறார்கள்.

ஆயினும் ஒன்றைச் சொல்லவேண்டும். பின்னர் சீரமைக்கப்பட்ட அதே பங்கீட்டினால்தான் மன்னாரிலும் முல்லைத்தீவிலும் ஆய்வுகூடம் காணாத பிள்ளைகள் வைத்தியர்களானார்கள். யாழ்ப்பாணத்தார் கூடிப் பேசும்போது இந்தப் பக்கத்தை அவ்வளவாகச் சொல்வதில்லை. இன்றைய கணக்கு: 40 வீதம் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்டச் சனத்தொகைப்படி, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு.

1978 இல் யாழ்ப்பாணத்திலேயே மருத்துவ பீடம் தொடங்கியது. மகளைத் தூர அனுப்பத் தயங்கிய வீடுகளில் அது பெரிய விடுதலை. 1989 செப்டெம்பர் 21 அன்று, அங்கு உடற்கூற்றியல் துறைத் தலைவியாக இருந்த ராஜினி திரணகம சுட்டுக்கொல்லப்பட்டார். அதற்குப் பிறகும் எமது மாணவிகள் படிவத்தில் அதே பீடத்தை முதலாவதாக எழுதினார்கள். மின்சாரம் இல்லாத ஆண்டுகளில் ஜாம் போத்தல் விளக்கில் இரசாயனவியல் படித்து, 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் உடுப்பை விட்டுவிட்டுக் குறிப்புக் கொப்பிகளைச் சுமந்து சென்ற வகுப்பு அதற்கு அடுத்து வந்தது.

2001 இல் இசட் புள்ளி வந்தது. தாவரவியலும் விலங்கியலும் உயிரியல் என்று ஒன்றாகி, நான்கு பாடங்கள் மூன்றாயின. கடினமான பாடத்துக்கும் இலகுவான பாடத்துக்கும் ஒரே தராசு வேண்டும் என்பதே இசட் புள்ளியின் நோக்கம்: பாடத்தின் சராசரியிலிருந்து மாணவி எவ்வளவு விலகி நிற்கிறாள் என்று பார்ப்பது. பீடங்களும் பெருகின. காலி, றாகம, மட்டக்களப்பு என்று பட்டியல் நீண்டது, அதோடு குழப்பமும்.

புலம்பெயர்ந்த எம்மவர் வீடுகளிலும் இதே குழப்பம்தான். இலண்டனில் பேத்தி ஒக்ரோபர் 15 இற்குள் மருத்துவத்துக்கு நான்கு பல்கலைக்கழகங்களுக்கு மேல் எழுதமுடியாது. அமெரிக்காவில் முதலில் ஒரு பட்டம் முடிக்கவேண்டும். வைத்தியசாலையில் தொண்டு செய்தாயா என்றும் கேட்கிறார்கள். தேரை வெட்டிய அம்மம்மாவுக்கு இது வியப்பு.

பெறுபேறு வந்ததும் சங்கத்து உறுப்பினர் சிலர் கல்லூரி நூலகத்தில் மாணவிகளோடு இருந்து, மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலைப் பார்த்து விருப்பவரிசை எழுத உதவுகிறோம். சென்றமுறை ஒரு பிள்ளைக்குக் கொழும்பு கிடைக்கக்கூடிய புள்ளி. மேலே கொழும்பை எழுதினால் யாழ்ப்பாணம் பறிபோகுமோ என்று பயந்தாள். மேலே உள்ளது கிடைக்காவிட்டால் கீழே உள்ளதற்குப் பாதிப்பில்லை என்று விளக்கினோம். தலையாட்டினாள். கொஞ்சநேரம் யோசித்தாள். "அம்மா தனிய, மிஸ்" என்றாள். யாழ்ப்பாணத்தையே முதலாவதாக எழுதினாள். நாம் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த பிள்ளையின் படிவத்தை எடுத்தோம்.