எஸ்.எஸ்.எல்.சி. புத்தகமும் கொரோனா மதிப்பெண்ணும்

வெளிமாநிலத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், பீரோவின் அடித்தட்டிலோ பரண் மேலோ, ஒரு பழைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் கிடக்கும். அட்டை நைந்து, ஓரம் பூச்சி அரித்திருக்கும். அந்தக் காலத்தில் ஜி.டி. எக்ஸ்பிரஸ் ஏறி தில்லிக்கும், தாதர் எக்ஸ்பிரஸ் ஏறி பம்பாய்க்கும் வந்த நம் முன்னோர் டிரங்குப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்துக் கொண்டு வந்த சொத்து அது. வேலைக்கு மனுப் போட அதுதான் ஆதாரம், பிறந்த தேதிக்கு அதுதான் சாட்சி, ஓய்வு பெறும் நாளை நிர்ணயித்ததும் அதுதான். இன்றைய பேரப்பிள்ளை அதைப் புரட்டிப் பார்த்தால் ஒரு கேள்வி கேட்பான்: "சர்டிபிகேட்டுன்னா ஒரு தாள்தானே தாத்தா? இது ஏன் புத்தகமா இருக்கு?"

நல்ல கேள்வி. 2020-லும் 2021-லும் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது நாடு முழுவதும் கல்வி வாரியங்கள் திணறியதற்கான காரணம் இந்தக் கேள்விக்குள்தான் ஒளிந்திருக்கிறது.

1857-இல் சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய மூன்று இடங்களிலும் பல்கலைக்கழகங்கள் தோன்றியபோது, கல்லூரி வாசலில் மெட்ரிகுலேஷன் என்ற ஒரு தேர்வை நிறுத்தினார்கள். பள்ளியில் என்ன செய்தாய், எப்படிப் படித்தாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். மூன்று மணி நேரம் எழுதியதுதான் கணக்கு. கணித மேதை ராமானுஜன் 1903-இல் தேறியது இந்தத் தேர்வில்தான். இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டு முடியும் தறுவாயில் சென்னை மாகாணம் இதற்கு மாற்றாக எஸ்.எஸ்.எல்.சி. திட்டத்தைக் கொண்டுவந்தது, 1911 வாக்கில் அது நடைமுறைக்கு வந்துவிட்டது. மாணவன் உயர் வகுப்புகளில் ஆண்டுதோறும் பள்ளியில் வாங்கிய மதிப்பெண், நடத்தை எல்லாம் ஒரு புத்தகத்தில் பதிவாக வேண்டும். பொதுத்தேர்வு மதிப்பெண்ணும் அதே புத்தகத்தில் ஏறும். அதனால்தான் அது தாளாக இல்லாமல் புத்தகமாக இருந்தது. இன்னொரு விசேஷம், அதில் பாஸ், பெயில் என்ற முத்திரை கிடையாது. 'எஸ்.எஸ்.எல்.சி. கம்ப்ளீட்டட்' என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கல்லூரிக்குத் தகுதி உண்டா என்பது தனிக் கேள்வி. அதற்கு 'எலிஜிபிள்' என்ற வேறு சொல் இருந்தது.

திட்டம் நல்ல திட்டம்தான். ஆனால் பள்ளி மதிப்பெண்ணை நம்புவதா என்ற சந்தேகம் பிறந்த நாளிலிருந்தே அதன் கூடப் பிறந்தது. தனக்குப் பிடித்த பையனுக்கு வாத்தியார் கூடப் போட்டுவிட மாட்டாரா? பள்ளிக்குப் பேர் வரவேண்டும் என்று தலைமையாசிரியர் அள்ளி வழங்கிவிட மாட்டாரா? காலப்போக்கில் எல்லோரும் பொதுத்தேர்வுப் பக்கத்தை மட்டும்தான் புரட்டினார்கள். மற்றப் பக்கங்கள் சம்பிரதாயமாகிவிட்டன.

விடுதலைக்குப் பிறகு இந்தக் குறையை எடுத்துச் சொன்னவரும் ஒரு தமிழர்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 27 ஆண்டுகள் துணைவேந்தராக இருந்த டாக்டர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார் தலைமையில் 1952-53-இல் இடைநிலைக் கல்விக் குழு அமைந்தது. வெளித்தேர்வுகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள், மாணவனைப் பற்றிய பள்ளிப் பதிவேட்டுக்கும் உள்தேர்வுகளுக்கும் உரிய மதிப்புக் கொடுங்கள் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. பரிந்துரையைப் படித்துவிட்டு எல்லோரும் தலையாட்டினார்கள். தேர்வோ அப்படியே இருந்தது.

ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் கழித்து சி.பி.எஸ்.இ. அதைச் செய்து பார்த்தது. 2009-இல் தொடங்கிய தொடர் மதிப்பீட்டு முறையை, அதாவது சி.சி.இ.யை, நம் வீடுகளில் மறந்திருக்க மாட்டார்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை விரும்பினால் எழுதலாம் என்று ஆக்கினார்கள். மதிப்பெண் போய் கிரேடு வந்தது. புராஜெக்ட் என்ற பெயரில் தெர்மகோலும் சார்ட் பேப்பரும் வீட்டுக்குள் நுழைந்தன. ராத்திரி பதினோரு மணிக்கு அப்பா உட்கார்ந்து எரிமலை செய்துகொண்டிருப்பார். பிள்ளைகள் பொதுத்தேர்வின் பயமில்லாமல் தளர்ந்துவிட்டார்கள் என்று பெற்றோரே புகார் சொன்னார்கள். 2018-இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மீண்டும் கட்டாயமானது. அதாவது, பள்ளிப் பதிவேடு வேண்டாம், ஹாலில் எழுதுவதே போதும் என்று நாடு தீர்மானித்து இரண்டே ஆண்டுகளில் அந்த ஹாலைப் பூட்டவேண்டி வந்தது.

2020 மார்ச் 18 அன்று சி.பி.எஸ்.இ. நடந்துகொண்டிருந்த தேர்வுகளைத் தள்ளிவைத்தது. தமிழ்நாட்டில் பிளஸ் டூ கடைசித் தேர்வு மார்ச் 24-இல் எப்படியோ நடந்து முடிந்தது. பஸ் கிடைக்காமல் அன்று வரமுடியாத ஆயிரக்கணக்கான மாணவர்களுக்கு ஜூலை 27-இல் மறுதேர்வு வைத்தார்கள். பத்தாம் வகுப்புக்கு மார்ச் இறுதியில் தொடங்க வேண்டிய தேர்வு தள்ளித் தள்ளி ஜூன் 15 என்று நிச்சயமாயிற்று. உயர் நீதிமன்றத்தில் வழக்கு, பெற்றோரின் பதற்றம், சென்னையில் ஏறிக்கொண்டே போன தொற்று. ஜூன் 9 அன்று முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி தேர்வை ரத்து செய்தார். ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள், அத்தனை பேரும் தேர்ச்சி. மதிப்பெண்ணுக்கு ஒரு கணக்குச் சொன்னார்கள்: காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளிலிருந்து 80 சதவீதம், வருகைப் பதிவிலிருந்து 20 சதவீதம்.

காலாண்டுத் தேர்வை யார் உயிரைக் கொடுத்து எழுதுவார்கள்? "பப்ளிக்ல பாத்துக்கலாம்" என்பதுதானே நம் தலைமுறை தலைமுறையான மந்திரம்! திருத்திய காலாண்டுத் தாள்கள் எத்தனையோ வீடுகளில் பழைய பேப்பர்காரரிடம் போய்ச் சேர்ந்திருக்கும். அந்தத் தாள்தான் தன் எஸ்.எஸ்.எல்.சி. மதிப்பெண் ஆகப்போகிறது என்று 2019 செப்டம்பரில் எந்தப் பிள்ளைக்கும் தெரியாது. கடைசி மூன்று மாதத்தில் விழுந்து விழுந்து படிக்கும் பிள்ளைகள் அடிபட்டுப் போனார்கள். விளையாட்டு தொடங்கிய பிறகு விதியை எழுதினால் நேர்வது இதுதான்.

எல்லா மாநிலமும் ஒரே வழியில் போகவில்லை. கேரளம் 2020 மே 26 முதல் 30 வரை, முகக்கவசமும் காய்ச்சல் சோதனையுமாக, விடுபட்ட தேர்வுகளை நடத்தியே காட்டியது. கர்நாடகம் ஜூன் 25-இல் தொடங்கி எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை எழுதவைத்தது. மறு ஆண்டு 2021-இல் அங்கே இன்னொரு யுக்தி: ஜூலை 19, 22 என இரண்டே நாள், நாளுக்கு மூன்று பாடம், சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வினாக்கள் மட்டும். ஆள்மாறாட்டம் செய்த ஒருவரைத் தவிர எல்லோரும் தேறினார்கள். அதைத் தேர்வு என்பதா, மரியாதைக்கு ஒரு தேர்வு என்பதா என்று பெங்களூரில் நம்மவர்கள் பேசிக்கொண்டதுண்டு. ஆனாலும் ஒன்றைச் சொல்லவேண்டும்: கையில் ஹால் டிக்கெட்டோடு போய் எழுதிவிட்டு வந்தோம் என்ற திருப்தி அந்தப் பிள்ளைகளுக்கு இருந்தது.

பாடம் நடத்தியதும் இப்படித்தான், ஆளுக்கொரு விதம். 2019 ஆகஸ்டில் தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சி தமிழ்நாட்டுக்குக் கைகொடுத்தது. கேரளத்தில் விக்டர்ஸ் சேனலில் 'ஃபர்ஸ்ட் பெல்' 2020 ஜூன் 1 அன்றே ஒலித்தது. கர்நாடகத்தின் 'வித்யாகம' திட்டத்தில் ஆசிரியர்கள் கிராமத்துக்கே போய்க் கோயில் திண்ணையிலும் மரத்தடியிலும் பிள்ளைகளை உட்காரவைத்தார்கள். தொற்றுப் பயத்தில் அக்டோபரில் அது நின்றது. நம் போன்ற குடும்பங்களின் கதை தனி. ஊரடங்கில் சொந்த ஊருக்குப் போய் மாட்டிக்கொண்ட பிள்ளை, உடம்பு கும்பகோணத்தில், வகுப்பு தில்லியில் என்று சிக்னல் தேடி மொட்டை மாடியில் உட்கார்ந்திருக்கும். விடைத்தாளைக் கையால் எழுதி, போனில் படமெடுத்து, வாட்ஸ்அப்பில் அனுப்பும். எழுதியது பிள்ளையா, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்த அம்மாவா? ஆசிரியருக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. இரண்டு பிள்ளைக்கு ஒரு போன் இருந்த வீட்டில் எந்தப் பிள்ளை வகுப்பை விட்டுக்கொடுத்தது என்பதையும் யாரும் எழுதி வைக்கவில்லை.

இந்தத் தாள்களும்தான் 2021-இல் மதிப்பெண் ஆயின. ஏப்ரல் 14 அன்று சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்புத் தேர்வும், ஜூன் 1 அன்று பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வும் ரத்தாயின. பன்னிரண்டுக்கு ஒரு குழு வகுத்த சூத்திரம் உச்ச நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டு ஜூன் 17-இல் ஒப்புதல் பெற்றது: பத்தாம் வகுப்பிலிருந்து 30 சதவீதம், பதினொன்றிலிருந்து 30, பன்னிரண்டாம் வகுப்பில் நடந்த தேர்வுகளிலிருந்து 40. பத்தாம் வகுப்புக்குப் பழைய மதிப்பெண் எதுவும் கிடையாதே? அதனால் பள்ளியின் உள்மதிப்பீடு 20 போக, மீதி 80-ஐ வகுப்புத் தேர்வுக்கு 10, அரையாண்டுக்கு 30, முன்மாதிரித் தேர்வுக்கு 40 என்று பிரித்தார்கள்.

இதுவரை நியாயம். அடுத்ததுதான் விஷயம். பள்ளிகள் வாரி வழங்கிவிடுமே என்ற பழைய சந்தேகம் மறுபடி எட்டிப் பார்த்தது. எனவே ஒரு கடிவாளம் போட்டார்கள். முந்தைய மூன்று ஆண்டுகளில் அந்தப் பள்ளி மிகச் சிறப்பாகச் செய்த ஆண்டு எதுவோ அதை அளவுகோலாக எடுத்துக்கொள்ள வேண்டும். பத்தாம் வகுப்பில் இந்த ஆண்டுப் பள்ளிச் சராசரி அதைவிட 2 மதிப்பெண்ணுக்கு மேல் போகக்கூடாது. ஒவ்வொரு பள்ளியிலும் தலைமையாசிரியர் தலைமையில் ஏழு ஆசிரியர் கொண்ட குழு, அதில் இருவர் பக்கத்துப் பள்ளிகளிலிருந்து, உட்கார்ந்து இந்தக் கணக்கைச் சரிக்கட்ட வேண்டும்.

இதன் பொருள் என்ன? ஒரு பிள்ளையின் மதிப்பெண்ணுக்கு, தான் பார்த்தறியாத சீனியர்கள் எல்லை வகுத்தார்கள். பேர்பெற்ற பள்ளியில் சுமாராகப் படித்தவனுக்கு அது மெத்தை. சாதாரணப் பள்ளியில் எப்போதாவது ஒரு நல்ல வகுப்பு வந்து சேரும், ஒரு நல்ல கணக்கு வாத்தியார் வந்து சேருவார். அந்தப் பிள்ளைகள் மேலே எழும்பினால் தலை கூரையில் முட்டும். இங்கிலாந்தில் 2020 ஆகஸ்ட் 13 அன்று, பள்ளிகளின் பழைய தேர்ச்சியை அடிப்படையாக வைத்த ஒரு கணிப்பொறிச் சூத்திரம், ஆசிரியர்கள் தந்த ஏ-லெவல் மதிப்பீட்டில் ஏறக்குறைய 40 சதவீதத்தைக் குறைத்தபோது மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். நான்கே நாளில் அரசு அதைக் கைவிட்டது. இங்கே அந்த அளவு சத்தம் கேட்கவில்லை. கேட்காததற்குக் காரணம் முடிவுகளின் தாராளம் என்று எனக்குத் தோன்றுகிறது. 2019-இல் 83.40 சதவீதமாக இருந்த பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி, 2021-இல் 99.37. பாஸான வீட்டில் யார் கணக்குக் கேட்பார்கள்? அப்படியும் கேட்ட சிலர் ஆகஸ்ட், செப்டம்பரில் நேரடித் தேர்வு எழுதினார்கள். அதில் குறைந்தால் குறைந்ததுதான் என்றது விதி. இரண்டில் கூடியதை எடுத்துக்கொள்ளலாம் என்று 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதைத் திருத்தியது.

இந்தச் சூத்திரங்கள் எதிலும் அடங்காத ஒரு கூட்டம் இருந்தது. அவர்கள்தான் தனித்தேர்வர்கள். கடையில் வேலை பார்த்துக்கொண்டே டியூடோரியலில் படிப்பவர்கள், ஒருமுறை தவறி மறுபடி முயல்பவர்கள். அவர்களுக்காகச் சாட்சி சொல்லப் பள்ளியும் இல்லை, பதிவேடும் இல்லை. எனவே மற்றவர்கள் வீட்டிலிருந்தபடியே தேறியபோது, இவர்கள் மட்டும் தொற்றுக் காலத்திலேயே மையத்துக்குப் போய் எழுதினார்கள். தமிழ்நாட்டில் 2020 செப்டம்பரிலும், சி.பி.எஸ்.இ.யில் 2021 ஆகஸ்ட் கடைசியிலும். ரயிலேறி வேலை தேடி வந்த நம் முந்தைய தலைமுறையில் எத்தனை பேர் பிரைவேட்டாக எழுதித் தேறியவர்கள் என்பதை நினைத்தால், இவர்கள் நமக்கு அந்நியர்கள் அல்லர்.

2021-22-இல் சி.பி.எஸ்.இ. முன்ஜாக்கிரதையாக ஆண்டை இரண்டாகப் பிளந்தது. நவம்பர், டிசம்பரில் ஓ.எம்.ஆர். தாளில் 90 நிமிடம், அடுத்த கோடையில் இரண்டு மணி நேர எழுத்துத் தேர்வு. எதற்கு எவ்வளவு மதிப்பு என்பதை மட்டும் முன்கூட்டிச் சொல்லவில்லை. முடிவு வந்த 2022 ஜூலையில்தான் முதலாவதற்கு 30, இரண்டாவதற்கு 70 என்று தெரிந்தது. முதலாவதில் நன்றாகச் செய்தவர்கள் கையைப் பிசைந்தார்கள். அந்த முறை ஓராண்டோடு முடிந்தது. பழையபடி ஒரே தேர்வு வந்தது. பத்தாம் வகுப்புக்கு 2026 முதல் ஆண்டுக்கு இரண்டு வாய்ப்பு என்று 2025 ஜூனில் மறுபடி ஓர் அறிவிப்பு வந்தது. இரண்டும் ஹாலில் உட்கார்ந்து எழுதும் தேர்வுதான்.

தமிழ்நாட்டில் 2021-இல் பத்தாம் வகுப்பு முடித்தவர்களின் சான்றிதழை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். மதிப்பெண் கிடையாது. 'தேர்ச்சி' என்ற சொல் மட்டும் இருக்கும். தாத்தாவின் 1911 ஏற்பாட்டில் மதிப்பெண் உண்டு, தேர்ச்சி இல்லை. பேரனுடையதில் தேர்ச்சி உண்டு, மதிப்பெண் இல்லை. வேலைக்கான நேர்முகத்தில், "நீங்க கொரோனா பேட்ச்சா?" என்று கேட்பவருக்கு அந்தப் பையன் காட்ட வேறு பக்கம் எதுவும் அதில் இல்லை.