இயங்குதளம் மாறினால் எழாத மெய்நிகர் கணினி

மேசைக் கணினியில் இயங்குதளத்தின் புதிய பதிப்பை ஏற்றி முடித்ததும் பெரும்பாலான மென்பொருள்கள் பழையபடியே ஓடும். விஎம்வேர், வர்ச்சுவல்பாக்ஸ், பேரலல்ஸ் போன்ற மெய்நிகர் கணினி மென்பொருள்கள்தான் அடிக்கடி படுத்துவிடும். மற்ற மென்பொருள்கள் இயங்குதளத்துக்கு மேலே உட்கார்ந்து வேலை செய்கின்றன. மெய்நிகர் கணினி மென்பொருளோ நீண்ட காலம் இயங்குதளத்தின் மையமான கர்னலுக்குள்ளேயே தன் டிரைவர்களை இறக்கி, அங்கே ஒண்டுக்குடித்தனம் நடத்தியது. செயலியின் கட்டுப்பாட்டை அவ்வப்போது தன் கைக்கு எடுத்துக்கொள்ளவும், நினைவகத்தைப் பூட்டி வைக்கவும், நெட்வொர்க் கார்டைப் பங்கு போடவும் அதற்கு அந்த இடம் தேவைப்பட்டது. கர்னலின் உள்ளமைப்பு மாறினால் டிரைவர் ஏறாது. டிரைவர் ஏறாவிட்டால் உள்ளே இருக்கும் கணினி எழாது. கால் நூற்றாண்டாகப் பயனர்கள் சந்தித்த கோளாறுகளில் பெரும்பகுதி இந்த ஒரே இடத்தில் தொடங்கியது.

மெய்நிகர் கணினி பிறந்த காலத்தில் இந்தச் சிக்கலே இல்லை. ஐபிஎம் நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் அறிவியல் மையத்தில் ராபர்ட் கிரீஸி தலைமையில் உருவான சிபி-40, 1967 ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்தது. தனியாக மாற்றியமைக்கப்பட்ட ஒரு சிஸ்டம்/360 மாடல் 40 இயந்திரத்தில் 14 மெய்நிகர் கணினிகள் வரை அது ஓட்டியது. அதன் வழிவந்த சிபி-67, 1972-இல் அறிவிக்கப்பட்ட விஎம்/370 ஆகியவற்றிலும் அடித்தளத்தில் இருந்தது கட்டுப்பாட்டு நிரல்தான். இயங்குதளங்கள் அதன்மேல் விருந்தினராக வந்து போயின. அதனால் இயங்குதளத்தின் புதிய பதிப்பு வந்தால் அதைப் பழைய பதிப்போடு அருகருகே ஒரே இயந்திரத்தில் ஓட்டிப் பார்த்து, சரியாக இருந்தால் மாறிக்கொள்ள முடிந்தது. பதிப்பு மாற்றத்தின் தலைவலியைப் போக்கும் கருவியாகவே அந்தக் காலத்து நிறுவனங்கள் மெய்நிகர் கணினியை வைத்திருந்தன.

மேசைக் கணினிக்கு வரும்போது இந்த வரிசை தலைகீழானது. அதற்கு முதல் காரணம் இன்டெல் எக்ஸ்86 செயலியின் அமைப்பு. ஒரு செயலியை முழுமையாக மெய்நிகராக்க என்னென்ன இருக்க வேண்டும் என்று ஜெரால்ட் போபெக்கும் ராபர்ட் கோல்ட்பர்க்கும் 1974-இல் வரையறுத்தார்கள். இயந்திரத்தின் நிலையைத் தொடும் ஒவ்வொரு ஆணையும், சலுகை இல்லாத நிரலிடமிருந்து வந்தால், கட்டுப்பாட்டு நிரலிடம் போய் நிற்க வேண்டும். எக்ஸ்86-இல் 17 ஆணைகள் இந்த நிபந்தனையை மீறின. பாப்எஃப் என்ற ஆணை இதற்கு நல்ல உதாரணம். சலுகை குறைந்த நிலையில் இருக்கும் நிரல் அதைக் கொண்டு குறுக்கீடுகளை அணைக்கப் பார்த்தால், செயலி மறுப்பும் சொல்லாது, செய்யவும் செய்யாது. சத்தமில்லாமல் அடுத்த ஆணைக்குப் போய்விடும். உள்ளே இருக்கும் இயங்குதளம் குறுக்கீடு அணைந்துவிட்டதாக நம்பிக்கொண்டிருக்கும்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டிஸ்கோ என்ற ஆய்வுத் திட்டத்தில் இருந்த மென்டல் ரோசன்பிளம், எட்வார்ட் பூன்யோன், ஸ்காட் டிவைன் ஆகியோர் டயான் கிரீன், எட்வர்ட் வாங் ஆகியோருடன் சேர்ந்து 1998-இல் விஎம்வேர் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். சிக்கலான ஆணைகளை ஓட்டத்தின்போதே மாற்றி எழுதுவது அவர்கள் கண்ட வழி. 1999 மே மாதம் வெளிவந்த விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷன் இன்னொரு முடிவையும் எடுத்திருந்தது. மேசைக் கணினிகளில் பொருத்தப்படும் ஒலி அட்டை, வீடியோ அட்டை, நெட்வொர்க் கார்டு ஆகியவற்றுக்குக் கணக்கே இல்லை. அத்தனைக்கும் ஒரு சிறு நிறுவனம் டிரைவர் எழுத முடியாது. ஆகவே ஏற்கெனவே இருக்கும் லினக்ஸ் அல்லது விண்டோஸையே ஹோஸ்ட்டாக வைத்து, விஎம்மான், விஎம்நெட் என்ற இரண்டு டிரைவர்களை மட்டும் அதன் கர்னலில் நுழைத்தார்கள். விஎம்மான் வழியாகச் செயலி ஹோஸ்ட்டின் உலகிலிருந்து, உள்ளே ஓடும் கெஸ்ட் இயங்குதளத்தின் உலகுக்குத் தாவும். வட்டைப் படிக்கவோ பாக்கெட் அனுப்பவோ வேண்டியிருந்தால் திரும்பித் தாவி, ஹோஸ்ட்டைச் செய்யச் சொல்லும். அருமையான தீர்வு. மெய்நிகர் கணினி சாதாரணப் பயனரின் மேசைக்கு வந்ததே இதனால்தான். ஹோஸ்ட் மாறும்போதெல்லாம் விழும் பழக்கமும் இதோடு சேர்ந்தே வந்தது.

முதலில் அடிபட்டவர்கள் லினக்ஸ் பயனர்கள். லினக்ஸ் கர்னலின் உள் இடைமுகங்கள் நிலையானவை அல்ல. அப்படி இருக்கக் கூடாது என்பதே அதை உருவாக்குபவர்களின் கொள்கை. கிரெக் குரோவா-ஹார்ட்மன் எழுதிய விளக்கம் கர்னல் மூலநிரலோடு சேர்த்தே வைக்கப்பட்டிருக்கிறது: டிரைவர் கர்னலுக்குள் சேர்க்கப்பட்டிருந்தால் இடைமுகத்தை மாற்றுபவரே டிரைவரையும் திருத்திவிடுவார், வெளியே வைத்துக்கொண்டால் அது வைத்திருப்பவர் பாடு. விஎம்வேரின் டிரைவர்கள் வெளியே இருந்தன. ஆகவே கர்னல் புதுப்பிக்கப்பட்ட மறுநாள் மென்பொருளைத் திறந்தால், இந்தக் கர்னலுக்கு இன்னும் அமைக்கப்படவில்லை என்று அது கைவிரிக்கும். பயனர் அமைப்பு நிரலை மறுபடி ஓட்டி, ஓடிக்கொண்டிருக்கும் கர்னலுக்குச் சரியாகப் பொருந்தும் ஹெடர் கோப்புகளையும் கம்பைலரையும் காட்டி, டிரைவர்களைப் புதிதாகக் கட்ட வேண்டும். ஹெடரின் பதிப்பு எண்ணில் கடைசி இலக்கம் பிசகினாலும் கட்டிய டிரைவர் ஏறாது.

கர்னலில் ஒரு செயற்கூறின் பெயரோ அளவுருவோ மாறியிருந்தால் கட்டுவதே பாதியில் நின்றுவிடும். நிறுவனம் அடுத்த பதிப்பை வெளியிடும்வரை காத்திருக்க முடியாதவர்களுக்கு 2000-களில் கைகொடுத்தவை பெத்ர் வாந்த்ரோவெட்ஸ் வெளியிட்ட ‘எனி-எனி’ திருத்தங்கள். எந்த விஎம்வேர் பதிப்பையும் எந்தக் கர்னலோடும் பொருத்தப் பார்ப்பது அவற்றின் நோக்கம். ஒரு வணிக மென்பொருளின் ஓட்டம் பல ஆண்டுகள் இப்படியொரு தனித் தொகுப்பை நம்பியிருந்தது என்பது அந்தக் காலத்தின் நிலையைக் காட்டும். பிறகு டெல் நிறுவனம் உருவாக்கிய டிகேஎம்எஸ், கர்னல் மாறும்போதெல்லாம் வெளி டிரைவர்களைத் தானாகவே கட்டிவிடும் வசதியைக் கொடுத்தது. 2007-இல் திறமூலமாக வந்த வர்ச்சுவல்பாக்ஸ் பயனர்களுக்கு இது பெரிய ஆறுதல். ஆனாலும் கர்னல் டிரைவர் நிறுவப்படவில்லை என்று சொல்லும் ‘ஆர்சி = -1908’ என்ற பிழைச் செய்தி அவர்களுக்கு நன்கு பழகிய முகமாகவே இருந்தது. கையொப்பமிட்ட நிரல்களை மட்டுமே ஏற்கும் செக்யூர் பூட் வந்த பிறகு அதே செய்திக்கு வேறொரு காரணமும் சேர்ந்தது. டிரைவர் ஒழுங்காகக் கட்டப்பட்டிருக்கும். கையொப்பம் இல்லாததால் கர்னல் ஏற்காது. பயனர் ஒரு சாவியை உருவாக்கி, அடுத்த முறை கணினி எழும்போது வரும் நீலத் திரையில் அதைப் பதிவு செய்ய வேண்டும். அந்தத் திரையைக் கவனிக்காமல் தாண்டிவிட்டவர்கள் டிரைவரை எத்தனை முறை திரும்பக் கட்டினாலும் பலன் கிடைக்காது.

மேக் கணினிகளில் கதை வேறு விதமாகப் போனது. 2006-இல் ஆப்பிள் இன்டெல் செயலிக்கு மாறியது. அதே ஆண்டு பேரலல்ஸ் டெஸ்க்டாப்பும் 2007-இல் விஎம்வேர் ஃபியூஷனும் வந்தன. மெய்நிகராக்கத்துக்குச் செயலியிலேயே துணைசெய்ய இன்டெல் 2005 இறுதியில் அறிமுகப்படுத்திய விடி-எக்ஸ் வசதியால் ஆணைகளை மாற்றி எழுதும் தேவை குறைந்திருந்தது. ஆனால் அந்த வசதியைத் தொடவும் கர்னல் டிரைவர் வேண்டும். ஆப்பிள் அந்தக் கதவைப் படிப்படியாகச் சாத்தியது. 2014-இல் வந்த மேக் இயங்குதளப் பதிப்பான யோசெமிட்டி, கையொப்பம் இல்லாத கர்னல் நீட்சிகளை, அதாவது வெளி டிரைவர்களை, ஏற்ற மறுத்தது. 2017 செப்டம்பரில் வந்த ஹை சியரா, கையொப்பம் இருந்தாலும் பயனர் நேரில் அனுமதித்தால்தான் ஏற்றுவேன் என்றது.

ஹை சியராவின் இந்த விதியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். மென்பொருளை நிறுவும்போது, நீட்சி தடுக்கப்பட்டது என்று ஒரு சிறு பெட்டி தோன்றும். பாதுகாப்பு அமைப்புகளின் பக்கத்துக்குப் போனால் கீழே ‘அனுமதி’ பொத்தான் இருக்கும். எச்சரிக்கை வந்த 30 நிமிடங்கள் வரைதான் இருக்கும். பெட்டியை மூடிவிட்டு வேறு வேலைக்குப் போனவருக்கு ஃபியூஷனில் விஎம்மானைத் திறக்க முடியவில்லை என்ற செய்தியும், வர்ச்சுவல்பாக்ஸில் நிறுவல் தோற்றது என்ற ஒற்றை வரியும்தான் மிஞ்சும். தொலைவிலிருந்து திரைப் பகிர்வு வழியாகச் சொடுக்கினால் பொத்தான் அசையாது. தீங்கு நிரல்கள் தாமாகவே சொடுக்கிவிடக் கூடாது என்பதற்கான தடுப்பு அது. இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஹை சியராவுக்கு மாறுவதற்கு முன்பே கணினியில் இருந்த நீட்சிகளுக்கு விலக்கு இருந்தது. அதனால் அப்கிரேடு செய்தவரின் கணினியில் ஒழுங்காக ஓடிய அதே மென்பொருள், வட்டைத் துடைத்துப் புதிதாக நிறுவியவரிடம் எழவில்லை. இரண்டு கணினிகளையும் அருகருகே வைத்து ஒப்பிட்டவர்கள் குழம்பியதில் வியப்பில்லை. பாதுகாப்பு நோக்கில் விதி நியாயமானதே; அதைப் பயனருக்குச் சொன்ன விதம்தான் போதவில்லை.

2019-இல் வந்த கேட்டலினா 32-பிட் மென்பொருள்களைக் கைவிட்டது. பழைய மென்பொருளை விட முடியாதவர்கள் முந்தைய பதிப்பான மொஹாவேயை ஒரு மெய்நிகர் கணினிக்குள் வைத்துக்கொள்ளப் பார்த்தார்கள். அந்த நேரத்தில்தான் ஃபியூஷனின் பழைய பதிப்புகளில் கெஸ்ட்டின் திரை கறுப்பாக நின்றது. திரையைப் பதிவு செய்யும் அனுமதி பற்றிய புதிய விதி அதற்குக் காரணம், 11.5 பதிப்புக்கு மாறியதும் தீர்ந்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் வந்த 10.15.6 சிறு அப்டேட் இன்னும் கடுமையாகத் தாக்கியது. மெய்நிகர் கணினியைச் சில மணி நேரம் ஓடவிட்டால் மேக் முழுவதுமே சரிந்து மறுதொடக்கமானது. மென்பொருளை நீக்கி நிறுவியவர்களும், புதிய கெஸ்ட்டை உருவாக்கியவர்களும் பலன் காணவில்லை. ஆப்பிளின் சாண்ட்பாக்ஸ் நீட்சியில் கர்னல் நினைவகம் கசிவதை விஎம்வேர் பொறியாளர்கள் கண்டுபிடித்துச் சொன்னார்கள். ஆகஸ்ட் 12-ஆம் தேதி ஆப்பிள் திருத்தம் வெளியிடும்வரை, வேலை இல்லாதபோது கெஸ்ட்டை அணைத்து வைப்பதும் மேக்கை அவ்வப்போது மறுதொடக்கம் செய்வதுமே வழியாக இருந்தது. கோளாறு ஹோஸ்ட்டிலேயே இருக்கலாம் என்பதைத் தெளிவாகக் காட்டிய சம்பவம் இது.

2020 இறுதியில் வந்த பிக் சர் பதிப்பில் ஃபியூஷன் 12 தன் சொந்தக் கர்னல் நீட்சிகளை விட்டுவிட்டு, ஆப்பிள் 2014 முதலே வழங்கிவந்த ஹைப்பர்வைசர் (மெய்நிகர் கணினிகளை ஓட்டும் கட்டுப்பாட்டு நிரல்) இடைமுகத்தின் மேல் ஏறிக்கொண்டது. பேரலல்ஸும் அதே வழியில் போனது. அனுமதிப் பொத்தானைத் தேடும் அவதி இதோடு ஓய்ந்தது. ஆனால் அதே மாதங்களில் எம்1 செயலியும் வந்தது. இன்டெல்லுக்காக நிறுவப்பட்ட கெஸ்ட்கள் அதில் எழவே முடியாது; ஆர்ம் செயலிக்கான விண்டோஸையோ லினக்ஸையோ புதிதாக நிறுவ வேண்டும், அல்லது மிக மெதுவாக ஓடும் எமுலேட்டரை நாட வேண்டும். அமைப்பைத் திருத்திச் சரிசெய்யக்கூடிய கோளாறு அல்ல இது.

விண்டோஸில் மோதல் இன்னும் கீழே நடந்தது. 2012-இல் விண்டோஸ் 8 மேசைக் கணினிக்கும் ஹைப்பர்-வி என்ற ஹைப்பர்வைசரைக் கொண்டுவந்தது. அதை இயக்கினால் விண்டோஸே அதன்மேல் ஓடும் ஒரு பகுதியாகிவிடும், விடி-எக்ஸ் ஹைப்பர்-வியின் கையில் இருக்கும், பிறருக்குக் கிடைக்காது. விண்டோஸ் 10-இல் கடவுச்சொற்களைக் காக்கும் கிரெடென்ஷியல் கார்டு போன்ற வசதிகளும் ஹைப்பர்-வியையே நம்பின. ஆகவே ஹைப்பர்-வி என்ற பெயரையே கேள்விப்படாத பயனரும், ஒரு பெரிய அப்டேட்டுக்குப் பிறகு, ஒர்க்ஸ்டேஷனும் கிரெடென்ஷியல் கார்டும் ஒத்துப்போகாது என்ற செய்தியைப் பார்த்தார். நிர்வாகி உரிமையோடு கட்டளைத் திரையைத் திறந்து ஹைப்பர்வைசர் தொடங்குவதை அணைத்து, கணினியை மறுதொடக்கம் செய்வது அன்றைய கைவைத்தியம். அதனால் ஹைப்பர்-வியை நம்பிய மற்ற வசதிகள் நின்றுபோகும். ஒன்றை வைத்துக்கொள்ள மற்றதை விட வேண்டிய இந்த நிலை 2020 மே வரை நீடித்தது. அந்த மாதம் வந்த விண்டோஸ் 10-இன் 2004 பதிப்பும் ஒர்க்ஸ்டேஷன் 15.5.5-உம் சேர்ந்து, ஹைப்பர்-வியின் மேலேயே கெஸ்ட்டை ஓட்டும் வழியைத் திறந்தன. வர்ச்சுவல்பாக்ஸ் 6.0 அதற்கு முன்பே, 2018 இறுதியில், இதே வழியை எடுத்திருந்தது. அப்படி ஓடும்போது அதன் சாளரத்தின் அடியில் ஒரு ஆமைச் சின்னம் தெரியும். கெஸ்ட் எழுகிறது, ஆனால் வேகம் குறைகிறது. கெஸ்ட்டுக்குள் இன்னொரு மெய்நிகர் கணினி ஓட்டும் வசதியும் போகிறது.

நெட்வொர்க் கோளாறு தனி வகை. விண்டோஸ் பதிப்பு மாற்றம் நெட்வொர்க் அடுக்கைப் புதிதாக அமைக்கும்போது, மெய்நிகர் அடாப்டர்களும் பிரிட்ஜ் இணைப்பும் விடுபட்டுப்போவது உண்டு. கெஸ்ட் எழும், இணையம் மட்டும் இருக்காது. மென்பொருளின் நெட்வொர்க் அமைப்பை இயல்பு நிலைக்கு மீட்டாலோ, அதை நீக்கி மறுபடி நிறுவினாலோ பெரும்பாலும் சரியாகும். கெஸ்ட்டின் கோப்புகள் தனியே இருப்பதால் நிறுவலை நீக்குவது அவற்றைத் தொடாது. பதற்றத்தில் கெஸ்ட்டையே அழித்துவிட்டுத் திரும்ப உருவாக்குவது தேவையற்ற இழப்பு.

இந்த ஆண்டுகளில் அனுபவசாலிகளிடம் ஒரு நடைமுறை படிந்தது. ஹோஸ்ட்டை மாற்றுவதற்கு முன் கெஸ்ட்டை உறங்கவைக்காமல் முழுமையாக அணைப்பார்கள்; உறங்கும் நிலையில் சேமித்த நினைவகம் புதிய பதிப்பில் விழிக்காமல் போகலாம். கெஸ்ட்டின் கோப்புறையை வேறு வட்டுக்கு நகலெடுப்பார்கள். மென்பொருளின் எந்தப் பதிப்பு புதிய இயங்குதளத்தை ஆதரிக்கிறது என்று பார்த்து, அதை முதலில் ஏற்றுவார்கள். எழாவிட்டால் டிரைவர் ஏறியிருக்கிறதா, செயலியின் மெய்நிகராக்க வசதி பயாஸில் திறந்திருக்கிறதா, வேறு ஹைப்பர்வைசர் அதைப் பிடித்து வைத்திருக்கிறதா என்ற வரிசையில் தேடுவார்கள்.

கடைசிக் கேள்வி இப்போது லினக்ஸிலும் முன்னுக்கு வந்துவிட்டது. லினக்ஸ் கர்னல் 2007-இலேயே கேவிஎம் என்ற சொந்த ஹைப்பர்வைசரைச் சேர்த்துக்கொண்டது. பல ஆண்டுகள் கேவிஎம் தன் கெஸ்ட் ஓடும்போது மட்டுமே செயலியின் மெய்நிகராக்க வசதியைப் பிடித்துக்கொண்டது. மற்ற நேரங்களில் வர்ச்சுவல்பாக்ஸ் அதை எடுத்துக்கொள்ள முடிந்தது. 2024 நவம்பரில் வெளிவந்த 6.12 கர்னலில் கேவிஎம் ஏறிய கணமே அந்த வசதியை எடுத்துக்கொள்வது இயல்பானது. கேவிஎம் கெஸ்ட் ஒன்றைக்கூட ஓட்டியிராதவர்களின் கணினியிலும் வர்ச்சுவல்பாக்ஸ், செயலி ஏற்கெனவே வேறொருவர் பிடியில் இருக்கிறது என்ற பிழையோடு நின்றது. கேவிஎம் தொகுதியைத் தற்காலிகமாக இறக்கிவிட்டாலோ, ஏறியவுடனே வசதியைப் பிடிக்க வேண்டாம் என்று கர்னலின் தொடக்க வரியில் ஒரு அளவுருவைச் சேர்த்தாலோ கெஸ்ட் மறுபடி எழுகிறது.