மலையிறங்கும் மிதி

கொடைக்கானலுக்கு ஏறியவர்களைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. இறங்கியவர்களைப் பற்றிக் குறைவு. 1845-இல் அமெரிக்க மிஷனரிகள் அங்கே முதல் வீடுகளைக் கட்டியபோது, பெரியகுளம் பக்கத்திலிருந்து நடந்தோ, குதிரையிலோ, டோலியில் சுமக்கப்பட்டோதான் போகவேண்டும். வழுக்கினால் சுமப்பவரின் கால்தான் தடை. மேஜர் லா 1870களில் அளவெடுத்த சாலை 1910களில்தான் மோட்டார் வண்டிக்குத் திறந்தது. அந்நாளைய கார்களின் பிரேக் தண்டாலும் கம்பியாலும் இழுக்கப்படுவது. ஒரு சக்கரம் முன்னதாகப் பிடிக்கும், இன்னொன்று பின்னதாக. கொண்டை ஊசி வளைவில் அதன் பொருள் என்ன என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

மிதியின் அழுத்தத்தைத் திரவத்தின் வழியே நான்கு சக்கரத்துக்கும் ஒரே அளவில் அனுப்பலாம் என்று காட்டியவர் மால்கம் லாக்ஹீட்; விமான நிறுவனத்தால் பெயர்பெற்ற குடும்பத்தவர். 1921-இல் டூசன்பர்க் காரில் அது விற்பனைக்கு வந்தது. நம்மவர்க்கு அது அம்பாசடராக வாய்த்தது. மோரிஸ் ஆக்ஸ்போர்டின் வார்ப்பில் 1950களின் இறுதியில் பிறந்து, 2014-இல் உத்தர்பாராவில் ஓய்ந்த வண்டி. 1962-இல் சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியா தொடங்கியபின் அதற்கான உருப்படிகள் இங்கேயே கிடைக்கலாயின. பழைய அம்பாசடர்களில் ஒரே குழாய்வழிதான். எங்கே கசிந்தாலும் நான்கு சக்கரமும் போயிற்று.

2006-இல் குறிஞ்சி பூத்திருந்தது. மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனின் மலையல்லவா, எங்களுக்கும் குளிரில் மனம் இளகியிருந்தது. நண்பரின் தந்தை ஓட்டிவந்த அத்தகைய அம்பாசடர் ஒன்றில் ஐவர் இறங்கிக்கொண்டிருந்தோம். பெருமாள்மலையை நெருங்கும்போது அவர் பேச்சை நிறுத்தினார். மிதியை மெதுவாக அழுத்தினால் அது தரைவரை அமிழ்ந்தது; சட்டென்று இருமுறை அடித்தால் பிடித்தது. இரண்டாம் கியருக்கு மாற்றி, அடித்து அடித்தே வண்டியை மலைச்சுவரோரம் நிறுத்தினார். ஏறும்போது இந்தக் குறை தலைகாட்டவேயில்லை. ஏற்றத்தில் பிரேக்கை யார் தேடுகிறார்கள்?

ஒன்றரை டன் வண்டி வத்தலகுண்டுவரை ஏறத்தாழ 1,800 மீட்டர் இறங்குகிறது. எஞ்சின் பங்குகொள்ளாவிட்டால் அந்த ஆற்றலில் பெரும்பகுதி டிரம்களில் வெப்பமாகும். முழுவதையும் பிடித்துவைக்க முடிந்தால் 70, 80 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கலாம். பிரேக் ஆயிலோ காற்றின் ஈரத்தைக் குடிப்பது. டாட் 3 வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை தாங்கும். ஈரமேறினால் 140 போதும், கொதித்துவிடும். மூடுபனியில் மாதக்கணக்கில் நிற்கும் மலைவண்டிகளுக்கு இது பெருஞ்சிக்கல். ஆவி சுருங்கும், மிதி பஞ்சாகும்.

எங்கள் ஐயமும் அதுவே. ஆயில் கொதித்துவிட்டது என்று நாங்கள் ஒருமனதாகத் தீர்மானித்தோம் (இலக்கியவாதிகள் ஒருமனதாக எதையும் தீர்மானிப்பது அபூர்வம்). அவ்வழியே வந்த முதிய மெக்கானிக் ஒருவர் மட்டும் ஏற்கவில்லை. அரைமணி நேரம் டிரம்கள் ஆறட்டும் என்றார். ஆறியபின்னும் மிதி அமிழ்ந்தது. கொதித்திருந்தால் திரும்பி வந்திருக்கும். நான்கு டயர்களின் உட்புறத்தையும் விரலால் தடவினார். ஒன்றின் ஓரத்தில் ஈரம். அதை ஒரு தகரக்குவளைத் தண்ணீரில் கழுவினார். எண்ணெய் மேலே மிதந்தது. பிரேக் ஆயிலாயிருந்தால் நீரில் கரைந்திருக்கும், இது அச்சின் எண்ணெய் என்றார். தொட்டியிலும் ஆயில் குறையவில்லை. வெளியே எங்கும் கசியவில்லை, ஆனால் அழுத்தம் நிற்கவில்லை. அப்படியானால் கசிவு மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே. பிஸ்டனின் ரப்பர் வாஷரின் உதடு தேய்ந்திருந்தால், மெல்ல அழுத்தும்போது ஆயில் அதைத் தாண்டிப் பின்னே வழியும். வேகமாக அடித்தால் அழுத்தமே உதட்டைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துவிடும். சட்டென்று அடித்தபோது ஏன் பிடித்தது என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது.

மறுநாள் காலை வாஷர் கிட் வந்து, ஏர் எடுக்கப் பகல் ஆயிற்று. கழற்றிய பழைய வாஷரைக் கையில் வாங்கிப் பார்த்தோம். இரண்டு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதில்லை. உதட்டில் ஒரு பக்கம் மட்டும் மழுங்கியிருந்தது. நண்பரின் தந்தை அதைத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வத்தலகுண்டுவரை இரண்டாம் கியரைவிட்டு அவர் மாறவில்லை.