நீர்ச்சறுக்குப் பலகையில் மலை இறங்கியவர்

பனி என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று வெயில் ஊர்க்காரர்கள் நினைப்பது இயல்பு. ஆனால் மலையில் காலையில் பாறைபோல இறுகிக் கிடக்கும் பனி மதியம் சேறாகக் குழைந்துவிடும். புயலுக்கு மறுநாளோ மாவு கொட்டியதுபோல முழங்கால் வரை கிடக்கும். இத்தனைக்கும் ஒரே ஜோடி பலகை போதுமா என்பது ஸ்கீ செய்பவர்களின் நெடுநாள் தலைவலி.

நார்வேயின் டெலிமார்க் பகுதியைச் சேர்ந்த சோண்ட்ரே நோர்ஹைம் 1868-ல் கிறிஸ்டியானியாவில் (இன்றைய ஓஸ்லோ) நடந்த போட்டியில் வென்றபோது அவருக்கு வயது 42. நடுவில் குறுகி, முனைகளில் அகன்ற பலகையைப் பிரபலமாக்கியவர் அவர்தான். அதைச் சாய்த்து அழுத்தினால் வில்லாக வளையும், ஆளும் அந்த வளைவிலேயே திரும்புவார். 1926-ல் ஆஸ்திரியாவின் ருடால்ஃப் லெட்னர் எஃகு விளிம்புக்குக் காப்புரிமை பெற்றார். அமெரிக்க விமானப் பொறியாளர் ஹோவர்ட் ஹெட் உலோகத்தில் செய்த முதல் ஆறு ஜோடிகளும் உடைந்தன. மனிதர் விடவில்லை, 1950-ல் அலுமினியப் பலகையை விற்பனைக்கே கொண்டுவந்துவிட்டார்.

ஆனாலும் அடிப்படை வடிவம் மாறவில்லை. பலகையைத் தரையில் வைத்தால் நடுப்பகுதி சற்று மேலெழும்பி நிற்கும். ஆள் ஏறியதும் அது தட்டையாகி, எடையை விளிம்பு நெடுகப் பரப்பும். இறுகிய பனியில் வழுக்காமல் பிடிப்பது இதனால்தான். பொடிப்பனியிலோ இதே வடிவத்தால் முனை உள்ளே புதைந்து ஆளைக் கவிழ்த்துவிடும்.

சாகச வீரர் ஷேன் மெக்கான்கி இதைத் தலைகீழாக யோசித்தார். பொடிப்பனி தரை மாதிரி அல்ல, தண்ணீர் மாதிரி. அதன்மேல் மிதக்கத்தானே வேண்டும்? அலாஸ்காவில் நீர்ச்சறுக்குப் பலகைகளையே காலில் மாட்டிக்கொண்டு மலையிறங்கினார்! கிறுக்குத்தனம் என்று தோன்றினாலும் அது பலித்தது. 2002-ல் வோலன்ட் நிறுவனம் அவருடைய 'ஸ்பாட்டுலா'வை வெளியிட்டது. நடுவில் அகலம், இரு முனைகளும் படகுபோல மேல்நோக்கி வளைந்தவை. அதாவது நோர்ஹைம் காலத்துப் பாடம் முழுக்கத் திருப்பிப் போடப்பட்டது.

இறுகிய பனியில் ஸ்பாட்டுலா படு மோசம். விளிம்பின் சிறு பகுதிதானே தரையைத் தொடுகிறது! அதனால் பிறகு வந்த வடிவமைப்பாளர்கள் இரண்டையும் ஒட்டுப்போட்டார்கள். முனை மட்டும் மேலே வளையும், காலடியில் பழைய மேடு அப்படியே இருக்கும், இடையும் குறுகியிருக்கும். 'எல்லா மலைக்கும்' என்று இன்று விற்கப்படும் பலகைகளில் பெரும்பாலானவை இந்தச் சமரசம்தான். மிதப்பு கூடினால் பிடிமானம் குறையும் என்ற கணக்கு மட்டும் இன்னும் தீரவில்லை.

மெக்கான்கி 2009-ல் இத்தாலியின் டோலமைட் மலையில் பாராசூட்டுடன் குதித்தபோது இறந்தார். காலில் இருந்த பலகை உரிய நேரத்தில் கழலவில்லை.