பத்திரத்தில் எழுதிய பாஷாணம்

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறிக் குமுளியிலும் வண்டிப்பெரியாற்றிலும் குடியமர்ந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் பெட்டியில் இருவகைப் பத்திரங்கள் கிடக்கும். சொந்த ஊர் நிலத்திற்குத் தமிழில் ஒன்று. மலை நிலத்திற்கு மலையாளத்தில் ஒன்று. பெரியவர் காலமானபின் மக்கள் கூடிப் பாகம் பேசுங்கால், வயலும் வீடும் ஒருவாறு பிரிந்துவிடும். நிலத்தின் கோடியில் பாறைக்குன்று ஒன்று இருந்துவிட்டால் பேச்சு நீளும். புல்லும் முளைக்காத இடந்தான். ஆயினும் கல்லுக்கு இன்று விலை உண்டு. அந்தக் கல் யாருடையது?

தமிழ்ப் பத்திரத்தைப் பிரித்தால் விடை கையிலேயே இருப்பதுபோலத் தோன்றும். நிதி, நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம் முதலான எட்டுவகைப் பாத்தியங்களோடு நிலம் கிரயம் செய்யப்பட்டதாகப் பழைய பத்திரங்கள் கூறும். விஜயநகரப் பேரரசின் காலத்துச் சாசனங்களிலேயே இவ்வழக்கைக் காண்கிறோம். அதற்கும் முற்பட்ட சோழர் சாசனங்கள், மேல்நோக்கி வளர்ந்த மரத்தையும் கீழ்நோக்கித் தோண்டிய கிணற்றையும் சேர்த்தே நிலத்தைக் கொடுத்தன. பாஷாணம் என்றவுடன் விஷத்தை நினைப்பவர் உண்டு. இங்கே அது கல்லைத்தான் குறிக்கும். (பாகப் பிரிவினையில் அது சில குடும்பங்களுக்கு விஷமாகவே முடிந்தது வேறு கதை.)

ஆயினும் பத்திரத்தில் எழுதிவிட்டமையால் மட்டும் உரிமை பிறந்துவிடாது. தம்மிடம் உள்ளதையே ஒருவர் பிறருக்கு விற்க இயலும். "நிதி" என்னும் முதற்சொல்லையே எடுத்துக்கொள்வோம். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கண்டெடுத்தவர் கலெக்டருக்கு அறிவித்தாக வேண்டும். பத்திரம் எழுதுவோர் அதன் பின்னும் "நிதி" என்று எழுதுவதை நிறுத்தவில்லை! ஆகவே, கல்லின் உடைமையை அறிய விரும்புவோர் பத்திரத்தின் சொல்லை விட்டு, நிலத்தின் வமிசாவளியைத் தேட வேண்டியவராகின்றனர்.

உலகில் இதற்கு ஒரே வழக்கு இல்லை. இங்கிலாந்தில் பொன்னும் வெள்ளியும் எவர் நிலத்தில் கிடைப்பினும் அரசருக்கே உரியன என்று 1568-இல் தீர்ப்பாயிற்று. அமெரிக்காவிலோ நிலத்தை ஒருவருக்கும் அதன் அடியிலுள்ள கனிமத்தை வேறொருவருக்கும் விற்பது சாதாரணம். நம் நாட்டில் கனிமம் எல்லாம் சர்க்காருக்கே என்று பலரும் நம்பி வருகின்றனர். அந்த நம்பிக்கையைச் சோதித்த வழக்கு கேரளத்தின் மலபாரிலிருந்தே எழுந்தது.

மலபாரின் ஜன்மிகள் தம் நிலத்திற்கு முழு உடையவர்களாகக் கருதப்பட்டவர்கள். அம்மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. அங்கே ஜன்ம நிலங்களில் கல்லும் கனிமமும் எடுத்தவர்களிடம் அரசு ராயல்ட்டி கேட்டது, "எமது பொருளுக்கு எமக்கே ராயல்ட்டியா?" என்பது அவர்கள் வாதம். உயர்நீதிமன்றத்தில் தோற்று உச்சநீதிமன்றம் சென்றனர். 2013 ஜூலை 8-இல் மூவர் அடங்கிய ஆயம் தீர்ப்பளித்தது. அதை எழுதியவர் நீதிபதி செலமேஸ்வர். நிலத்தடிச் செல்வம் முழுவதும் அரசைச் சேர்ந்தது என்று கூறும் சட்டம் ஏதும் இல்லை. முறையான சட்ட வழியில் பறிக்கப்பட்டாலன்றி, அடியிலுள்ளதும் மேலுள்ள நிலத்தின் உடைமையையே பின்பற்றும் என்பது அதன் சாரம். அத்தீர்ப்புக்காக நீதிமன்றம் புரட்டிப் பார்த்தவற்றுள் பழைய சென்னை ரெவினியூ போர்டின் நிலையாணைகளும் உண்டு. கேரளத்து நிலத்தின் உரிமையைச் சென்னைத் தஸ்தாவேஜு பேசியது நமக்கு வியப்பாகவே இருக்கிறது. கனிமம் முன்பே அரசுடைமையாயின், நிலக்கரிச் சுரங்கங்களை அரசுடைமையாக்கத் தனிச் சட்டங்கள் எதற்கு என்ற கேள்வியும் அதில் எழுந்தது.

இத்தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு குமுளியில் உரிமை கோரலாமா? அங்கேதான் எச்சரிக்கை வேண்டும். பாலக்காடு மலபாரைச் சேர்ந்தது. அதன் பக்கத்திலுள்ள சித்தூரோ கொச்சி சமஸ்தானத்து ஊர். குமுளி திருவிதாங்கூருக்கு உட்பட்டிருந்தது. திருவிதாங்கூரில் நிலத்தின் பெரும்பகுதி சர்க்காருக்கு உரிய பண்டாரவகை நிலம். 1865-ஆம் ஆண்டின் பண்டாரவகைப் பாட்ட விளம்பரம் அதன் குடியானவர்களுக்கு விற்கவும் வாரிசுக்கு விடவும் உரிமை வழங்கியது உண்மையே. ஆனால் மலைப் பகுதியில் பலருக்கு நிலம் கிடைத்தது மிகவும் பிற்காலத்தில், அரசு ஒதுக்கிய பட்டாவின் மூலம். 1964-ஆம் ஆண்டு நில ஒதுக்கீட்டு விதிகளின்படி அளிக்கப்படும் பட்டாவில், அந்நிலத்தின் அடியிலுள்ள சுரங்கங்களிலும் கல்குவாரிகளிலும் அரசுக்குள்ள பங்குரிமை ஒதுக்கப்பட்டுள்ளதாக நிபந்தனை உண்டு. விவசாயத்திற்கும் வீட்டிற்கும் என்று கொடுத்த நிலத்தை வேறு காரியத்திற்குப் பயன்படுத்தலாமா என்பது இடுக்கி மாவட்டத்தில் நெடுங்காலத் தகராறு. அதன்பொருட்டு 2023-இல் கேரளச் சட்டமன்றம் திருத்தச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது.

ஒரே நிலத்தின் உரிமைகள் பலவாகப் பிரியக்கூடும் என்பதற்குக் குமுளியின் அண்டையிலேயே சான்று கிடைக்கிறது. 1886 அக்டோபர் 29-இல் எழுதிய பெரியாற்றுக் குத்தகைப் பத்திரத்தால், தேக்கடி நீர்த்தேக்கத்திற்காக 8,000 ஏக்கர் 999 ஆண்டுகளுக்குச் சென்னை அரசின் வசமாயிற்று. ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் வாடகை. நிலம் திருவிதாங்கூருடையது, அதில் தேங்கும் நீரும், நீரிலுள்ள மீனைப் பிடிக்கும் உரிமையும் சென்னைக்கு! 1970-இல் வாடகை 30 ரூபாயாக உயர்ந்தபோது மீன்பிடி உரிமையைத் தமிழ்நாடு விட்டுக்கொடுத்தது. மீன் ஒருவருக்கும் நீர் வேறொருவருக்கும் ஆயிற்று.

உடையவர் என்று நிலைநாட்டியபின்னும் கடப்பாரையை எடுக்க இயலாது. 1957-ஆம் ஆண்டுச் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டம் உடைமையைப் பறிக்கவில்லை; எடுப்பதை ஒழுங்குபடுத்துகிறது. சாதாரணக் கட்டடக் கல்லும் சிறு கனிமமே. அதற்கும் மாநில விதிப்படி அனுமதி பெற வேண்டும். ராயல்ட்டி வரியா அன்றா என்ற கேள்விக்கு 2024 ஜூலை 25-இல்தான் ஒன்பது நீதிபதிகள் ஆயம், எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், அது வரியன்று என விடை கூறியது.

வாரிசுகளின் நிலையைச் சுருங்கக் கூறலாம். பாகம் ஆகும்வரை பாறை அனைவருக்கும் பொது. குமுளியில் இருப்பவர் தனியே குத்தகை எழுதினால், புனாவிலோ பெங்களூரிலோ இருப்பவரின் பங்கு அதற்குக் கட்டுப்படாது. இந்து குடும்பமாயின், கூட்டுக் குடும்பச் சொத்திலும் மகள்களுக்கு மகன்களுக்கு ஒத்த உரிமையை 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் தந்துள்ளது. நிலத்தை விற்பவர் கனிமத்தைத் தமக்கென ஒதுக்கி எழுதாவிடில், 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டப்படி அவருக்கிருந்த உரிமை முழுவதும் வாங்கியவரைச் சேரும். தூரத்திலிருந்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட்டு அனுப்புவோர் பலர் இதனை நினைப்பதில்லை.

ஆதலால் நம்மவர் முதலில் தேட வேண்டியது தந்தையின் பெயருக்கு முன்னிருந்த பெயர்களை. சார்பதிவாளர் அலுவலகத்தில் மூலப் பத்திரத்தின் நகல் கிடைக்கும். பாலக்காட்டு நிலமாயின் சென்னை ஆட்சிக் காலத்துச் செட்டில்மெண்ட் பதிவேட்டில் அது ஜன்மம் என்று குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குமுளி நிலமாயின், பட்டாவின் பின்னால் சிற்றெழுத்தில் மலையாளத்தில் உள்ள நிபந்தனைகளை, மொழி தெரிந்த ஒருவரை அருகில் அமர்த்திக்கொண்டு, வரிவரியாக வாசிக்கச் செய்ய வேண்டும்.