ஒத்துக்காரரும் பேக்கிங் ட்ராக்கும் (த்ரெட்)

1/ கன்னத்துல ஒரு தசை இருக்கு, பேரு பக்சினேட்டர். லத்தீன்ல 'எக்காளம் ஊதுறவன்'னு அர்த்தம். டிராம்போனுக்கு ஜெர்மன்ல 'போசவுனே'னு பேரு, அதுவும் அதே வேர்லேர்ந்து வந்ததுதான். இப்ப அந்த டிராம்போனை மொபைல்ல பின்னணி இசை ஓடவிட்டு, கூடவே ஊதிப் பழகுறாங்க. சுருதி பிசகினா ஆப்பே காட்டிக் கொடுத்துடும்.

2/ 1950-ல அமெரிக்காவுல இர்வ் கிராட்கா 'மியூசிக் மைனஸ் ஒன்' இசைத்தட்டுகளை ஆரம்பிச்சார். ஒரு வாத்தியம் மட்டும் இல்லாத பதிவு, அந்த இடத்தை நீங்க ஊதி நிரப்பணும். நம்மூர்ல இந்தக் 'கூட ஊதுற' வேலைக்கு அதுக்கு ரொம்ப முன்னாடியே ஒரு ஆள் இருந்தார்: ஒத்துக்காரர்.

3/ ஒத்து பார்க்க நாகஸ்வரம் மாதிரியே இருக்கும், ஆனா விரல் வைக்கத் துளை கிடையாது. கீழே இருக்கிற துளைகளை மெழுகால அடைச்சு சுருதி சேர்ப்பாங்க. வர்றது ஒரே ஸ்வரம், ஆதார ஷட்ஜம். மாங்காடு மாதிரி அம்மன் கோயில்ல சாமி புறப்பாடுன்னா நேரம் போறதே தெரியாது. அவ்வளவு நேரமும் அந்த ஸ்வரம் அறுபடக் கூடாது.

4/ எப்படி முடியும்? கன்னத்துல காத்தைத் தேக்கணும். மெல்லண்ணமும் நாக்கும் சேர்ந்து வாயோட பின்வாசலை அடைக்கும், பக்சினேட்டர் அழுத்தி அந்தக் காத்தை வெளியே தள்ளும். அதே நொடியில மூக்கு வழியா மூச்சு உள்ள போகும். இதை நாங்க அனாடமியில படிச்சோம், அவங்க செஞ்சாங்க.

5/ சிஷ்யப் பிள்ளைகளும் ஒத்து பிடிச்சிருக்காங்க. குரு பக்கத்துல நின்னு, ஒவ்வொரு ராகமும் 'சா'வுல வந்து எப்படி உட்காருதுன்னு மணிக்கணக்கா கேட்கிறதே பாடம். நாமளோ 'ஒத்து ஊதுறான்'னு அதைக் கிண்டலாக்கிட்டோம்!

6/ திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) ஒத்தை எடுத்துட்டு சுருதிப்பெட்டியைக் கொண்டு வந்தார். நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி செஞ்ச நீளமான பாரி நாகஸ்வரமும் அவரால பரவுச்சு. கச்சேரிக்கு இது பெரிய லாபம், சந்தேகமில்லை. ஆனா மேடையில ஒரு மாணவன் நின்ன இடம் போச்சு, அதைப் பத்தி யாரும் அதிகமா பேசல. 1979-ல பெங்களூர் ஜி. ராஜ் நாராயண் மின்னணு தம்புரா செஞ்சப்போ, பெட்டியை இயக்கக்கூட ஆள் வேண்டாம்னு ஆச்சு.

7/ டிராம்போன் ஸ்லைடுல ஏழு நிலை உண்டு, ஆனா எங்க நிறுத்தணும்னு கோடு கிடையாது. காதுதான் சொல்லணும். ஆப் தப்பைச் சொல்லிடும். ஒத்து சொல்லாது, சுருதி சேராட்டி ரெண்டு ஒலிக்கும் நடுவுல ஒரு துடிப்பு கேட்கும், அவ்வளவுதான். டிராம்போன் பழகுற தம்பி தங்கச்சிங்க ஒரு நாள் திரையைக் கவுத்து வெச்சுட்டு, வெறும் 'சா' மட்டும் ஓடவிட்டு, அந்தத் துடிப்பு அடங்கற வரைக்கும் ஊதிப் பாருங்க.